இருபத்தொரு தட்டும் ஒரு டிரில்லியனும்

ஸ்கூடாய்
13.10.2025

திரு. வேலு அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. தபால் நிலையத்துக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

வாட்ஸ்அப்பில் இருந்த கல்யாணக் குழுவிலிருந்து நேற்று நம் இருவரையும் நீக்கிவிட்டார்கள். உங்களை நீக்கியது உங்கள் மகன் கவின். என்னை நீக்கியது என் மகள் லோஷினி. நீங்கள் அனுப்பிய பதினேழு காணொளிகளும் நான் அனுப்பிய நான்கு வரைபடங்களும்தான் காரணம். லோஷினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கோவம் வந்த அதே நிமிஷத்துல அனுப்பிடுறீங்க ரெண்டு பேரும். இனிமே லெட்டர் எழுதுங்க. போஸ்டாபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ளயாவது கொஞ்சம் யோசிப்பீங்க."

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தில் நடந்ததற்கு வருந்துகிறேன், என் பங்குக்கு மட்டும். அன்று நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் என்று தெரிந்தும் அந்தத் தேதிக்குச் சம்மதித்தது என் தவறு. ஆனால் சீர்த்தட்டு இருபத்தொன்றையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு உங்கள் பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தது என் தவறு அல்ல. நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது நீங்கள் மைக்கைக் கையில் எடுத்ததும் அல்ல. நன்றி சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தோம். "பொறக்கப்போற நம்ம பேரப்பிள்ளை தலையிலயும் முப்பத்தஞ்சாயிரம் வெள்ளி அரசாங்கக் கடன் இருக்கு" என்று ஆரம்பித்தீர்கள். மோதிரம்கூட மாற்றவில்லை. அதற்குள் பேரப்பிள்ளை, அதற்கும் கடன்.

அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் நம் ஊழியர் சேமநிதியும் உண்டு என்று நான் மைக்கை வாங்கித் திருத்தியிருக்கக் கூடாது. பதினொரு நிமிடம் திருத்தினேனாம். நல்ல நேரம் போய்விட்டது. ஐயர் அடுத்த நல்ல நேரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

பிள்ளைகளின் நிபந்தனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாண நாளான ஜனவரி 25-ஆம் தேதிக்குள் நாம் சண்டையில்லாமல் ஒரே மேடையில் நிற்கப் பழக வேண்டும். இல்லாவிட்டால் தாங்கள் இருவரும் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலேயே பதிவு செய்துகொண்டு நமக்குப் படம் அனுப்புவார்கள். லோஷினி விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. எனக்கு அவள் ஒருத்திதான்.

ஆகவே மற்ற விவரங்களைக் கடிதத்திலேயே முடித்துவிடலாம். என் யோசனை: கோயிலில் தாலி, இருநூறு பேருக்குச் சாப்பாடு.

இப்படிக்கு,
நிர்மலாதேவி பரமேஸ்வரன்


யோங் பெங்
17.10.2025

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சம்பந்தி அம்மா, பொருளாதாரம் போதிக்கும் பெருமகளார் அவர்களுக்கு,

யோங் பெங் கிளைத் தலைவரும், ஏழு லோரிகளின் முதலாளியும், மாப்பிள்ளையின் தந்தையுமாகிய வேலு தலை வணங்கி எழுதிக்கொள்வது.

தங்கள் மடல் கண்டேன். என் மனைவி செல்லம் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அந்தம்மா சரியாத்தான் சொல்றாங்க. உங்களுக்கு மைக்கைக் கண்டா மூளை எறங்கிடுது" என்றாள். என் வீட்டிலேயே எனக்குப் பெரும்பான்மை இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் எந்தக் கட்சியிலும் இல்லை என்று அன்று சொன்னீர்கள். நம்ப ஆசைதான். ஆனால் உங்கள் சமையலறைச் சுவரில் ஆளுங்கட்சியின் நாட்காட்டி தொங்குகிறதே! தண்ணீர் குடிக்க வந்தபோது பார்த்தேன். எதிர்க்கட்சிக்காரன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இருநூறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அலமாக்! என் கிளையின் செயற்குழு மட்டுமே நாற்பது பேர். பத்து பாகாட் நகரில் ஆயிரத்து இருநூறு பேர் உட்காரும் குளிர்சாதன மண்டபத்துக்கு ஐயாயிரம் வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன். நாதஸ்வரம், பட்டாளம் மாதிரி பரிமாறும் ஆட்கள், மணமக்கள் நுழையும்போது புகை வரும் இயந்திரம், எல்லாம் பேசியாகிவிட்டது. செலவுக்குப் பயப்பட வேண்டாம். முப்பது வருடமாக நான் போன ஒவ்வொரு கல்யாணத்திலும் வைத்த மொய்யை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று நோட்டு. அத்தனையும் அன்றைக்குத் திரும்பி வரும். இன்றைக்குச் செலவு, நாளைக்கு மொய். இதில் கஷ்டம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். தொலைக்காட்சியை மூடி வைக்கிறேன். சத்தியம் லா.

என்றும் மக்கள் பணியில்,
வேலு


ஸ்கூடாய்
24.10.2025

திரு. வேலு அவர்களுக்கு,

தீபாவளி உபசரிப்புக்கு நன்றி. செல்லம் அக்காவின் ஆட்டிறைச்சிப் பிரட்டலைப் பற்றி லோஷினி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். தொலைக்காட்சியின் மேல் போர்வை போர்த்தியிருந்ததைக் கண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் அரசியல்வாதியை முதல் முறை பார்க்கிறேன்.

நாட்காட்டியைப் பற்றி. அதை மாட்டியது என் கணவர். அவர் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளராக இருந்தார். ஆறு வருடத்துக்கு முந்திய நாட்காட்டி அது. தேதி பார்க்க உதவாது. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி மொய். வராத வருமானத்தை வந்ததாக எண்ணி இன்று செலவு செய்வதற்கு என் துறையில் ஒரு பெயர் உண்டு. நீங்கள் மேடைக்கு மேடை அரசாங்கத்தைத் திட்டுவது அதற்காகத்தான். நாட்டுக்குக் கூடாதது பத்து பாகாட் மண்டபத்துக்கு எப்படிக் கூடும்? உங்கள் மூன்று நோட்டுகளில் உள்ளவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்தீர்களா? இருப்பவர்களில் எத்தனை பேர் உங்கள் நோட்டை ஒப்புக்கொள்வார்கள்?

இன்னொன்று. கேட்கலாமா என்று யோசித்தேன். தபால் நிலையம் போகும்வரை யோசித்தும் கேட்கத்தான் தோன்றுகிறது. ஏழு லோரிகளின் முதலாளி என்று எழுதியிருந்தீர்கள். தீபாவளியன்று ஓட்டுநர்கள் எல்லோருக்கும் விடுமுறை. உங்கள் யார்டில் நின்றவை ஐந்து.

நிர்மலாதேவி


யோங் பெங்
29.10.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா,

லோரியைக்கூட எண்ணிப் பார்ப்பீர்களா! உங்களிடம் படிக்கும் மாணவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இரண்டு லோரி பட்டறையில் இருக்கின்றன. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் நானும் விடமாட்டேன். அரசாங்கத்துக்கு ஒரு டிரில்லியனுக்கு மேல் கடன். அது தாங்கக்கூடிய அளவுதான் என்று அன்று மைக்கில் சொன்னீர்கள். யார் சொன்னது? நீங்கள். ஒரு டிரில்லியனுக்குக் கலங்காத நெஞ்சு, ஒரே மகளின் கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு மேல் ஐந்து காசு போட மாட்டேன் என்கிறது. நாடு கடன் வாங்கலாம், வேலு வாங்கக் கூடாதா? இது என்ன நியாயம்?

இப்போது ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். உங்களை எனக்குப் போன வருடமே தெரியும். டீசல் மானியத்தை வெட்டியபோது பத்திரிகையில் நீங்கள் எழுதிய கட்டுரையை வெட்டி லோரியில் கண்ணாடிக்கு மேல் சொருகி வைத்திருந்தேன். ஒரே நாளில் லிட்டருக்கு ஒரு வெள்ளி இருபது காசு ஏறியது. நீங்களோ, சரியான முடிவு என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாரம் எங்கள் கட்சியின் செராமா கூட்டத்தில் நான் பேசினேன்: "ஸ்கூடாய்ல ஒரு அம்மா இருக்காங்க! டீசல் வாசனையே தெரியாது, டீசலைப் பத்திக் கட்டுரை எழுதுறாங்க!" கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. எட்டு மாதம் கழித்து கவின், "அப்பா, இவங்கதான் லோஷினியோட அம்மா" என்று படம் காட்டுகிறான். கட்டுரைக்கு மேலே இருந்த அதே முகம், அதே மூக்குக்கண்ணாடி.

செல்லம் இன்னும் சிரிக்கிறாள்.

மண்டபம் மண்டபம்தான். பின்வாங்க மாட்டேன்.

வேலு


ஸ்கூடாய்
9.11.2025

திரு. வேலு அவர்களுக்கு,

உங்கள் செராமா பேச்சைப் படித்து நானும் சிரித்தேன். இன்று சிரிக்க முடியவில்லை.

நேற்று லோஷினி அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். கவின் தன் பெயரில் அறுபதாயிரம் வெள்ளி தனிநபர் கடனுக்கு மனுப் போட்டிருக்கிறான். மண்டபத்துக்காக. உங்கள் பெயரில் வங்கி தராது என்று நீங்கள்தான் அவனைக் கேட்டிருக்கிறீர்கள். லோஷினியிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மகன் ஒரு வாரம் அதை மறைத்து வைத்திருந்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஏழு வருஷம் கட்டணும்மா. புகை மெஷினுக்கு ஏழு வருஷம்" என்றாள். "கல்யாணமே வேணாம்" என்றும் சொன்னாள். கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் சிங்கப்பூருக்குப் போனாள்.

பிறக்கப்போகும் பிள்ளை தலையில் கடனை ஏற்றாதே என்று என் வீட்டுக் கூடத்தில் முழங்கியவர் நீங்கள். பிறந்து வளர்ந்த பிள்ளை தலையில் ஏற்றலாமா?

பதில் வேண்டும். மேடைத் தமிழில் வேண்டாம்.

நிர்மலாதேவி


யோங் பெங்
20.11.2025

சம்பந்தி அம்மாவுக்கு,

பத்து நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கவினின் கடன் மனுவைத் திரும்பப் பெற்றாயிற்று. நானே அவனோடு வங்கிக்குப் போனேன். லோஷினியிடம் போனில் மன்னிப்பும் கேட்டேன். கேட்டு முடித்ததும் அந்தப் பிள்ளை, "சாப்பிட்டீங்களா மாமா?" என்றது.

இரண்டு லோரியும் பட்டறையில் இல்லை. விற்றுவிட்டேன். டீசல் விலை ஏறியபோது லோரிகளுக்குச் சலுகை அட்டை கொடுத்தார்கள். ஏழுக்கும் மனுப் போட்டேன். மூன்றுக்குத்தான் கிடைத்தது. மற்ற நாலும் நான் பழைய முதலாளியிடம் வாங்கியவை. பதினோரு வருடமாகக் கிராண்டில், அந்த உரிமைப் பத்திரத்தில், பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டது. அவரும் இறந்துவிட்டார். பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவதற்குள் பத்து மாதம் போய்விட்டது. அந்தப் பத்து மாதம் நாலு லோரியும் முழு விலைக்கு டீசல் குடித்தன. மேடையில் அரசாங்கத்தைத்தான் திட்டினேன். "என் பெயரில் கிராண்ட் இல்லை" என்று மைக்கில் சொல்ல முடியுமா?

இந்த ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். செம்பனைக் காய் ஏற்றுகிற லோரியில் உதவியாளாக ஏறி முதலாளி ஆனவன். இரண்டு லோரி போனது மெதுவாகப் பரவ ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்தைச் சின்னதாக வைத்தால், "வேலு விழுந்துட்டான்டா" என்பார்கள். ஆயிரத்து இருநூறு பேர் வந்து சாப்பிட்டுப் போனால் யாரும் அப்படிச் சொல்ல முடியாதே என்று நினைத்தேன். புத்தி கெட்டுப் போய்விட்டது.

மண்டபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. முன்பணம் திரும்பி வராது. நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்.

வேலு


ஸ்கூடாய்
23.11.2025

வேலு அண்ணனுக்கு,

இதை எழுதுவதற்குள் தபால் நிலையம் வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன்.

அந்தக் கட்டுரையை நேற்று எடுத்துப் படித்துப் பார்த்தேன். மானியத்தைக் குறைத்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால் நான்காவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது: "சரக்கு வாகனங்களுக்குச் சலுகை அட்டை உள்ளதால் அவை பாதிக்கப்படமாட்டா." அதை எழுதுமுன் ஒரு லோரிக்காரரிடம்கூட நான் கேட்கவில்லை. அமைச்சின் அறிக்கையைப் பார்த்து எழுதினேன். மேடையில் நீங்கள் சொன்னது சரிதான். டீசல் வாசனை எனக்குத் தெரியாது.

நீங்கள் உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். இருநூறு பேர் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குச் செலவு பாதிக் காரணம்தான். என் கணவர் இல்லாததால், லோஷினியைத் தாரைவார்த்துக் கொடுக்க அவர் அண்ணன் சோமசேகரமும் அண்ணியும் மேடையில் அமர்வார்கள் என்று முடிவாகியிருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. வழக்கம் அப்படி. நான் கீழே நாற்காலியில் இருப்பேன். அதை ஆயிரத்து இருநூறு பேர் பார்க்க வேண்டாம், இருநூறு பேரோடு போகட்டும் என்று நினைத்தேன். இதை வரைபடம் போட்டு விளக்க முடியாததால் சிக்கனம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் யார்டு எத்தனை சதுர அடி? கண்ணளவில் பார்த்தால் கூடாரம் போட்டு நானூறு பேர் தாராளமாக உட்காரலாம். லோரிகளை ஒரு நாளைக்கு வெளியே நிறுத்தினால் போதும். காலையில் கோயிலில் தாலி வேண்டாம், தாலியும் அங்கேயே கட்டலாம். பந்தியும் அங்கேயே. வாடகை இல்லை. என் பங்கு பாதி. கடன் இல்லாமல்.

மோதிரம் இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. உங்கள் பதிலோடு சேர்த்து அவளிடம் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

நிர்மலா


யோங் பெங்
1.12.2025

அன்புத் தங்கச்சிக்கு,

தங்கச்சி என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் என்று எழுதியது நீங்கள்தான்.

தங்கள் மசோதா எங்கள் வீட்டில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. செல்லம் கையைத் தட்டியே விட்டாள். என் ஓட்டுநர்கள் ஞாயிறுதோறும் கோத்தோங் ரோயோங் போட்டு, எல்லோரும் கைகோத்து, யார்டைச் சுத்தம் செய்கிறார்கள். எண்ணெய்க் கறைக்கு மேல் இரண்டு லோரி மணல் கொட்டியாகிவிட்டது. மணல் என் செலவு, ரொக்கம். லோரிகளை வெளியே நிறுத்த வேண்டாம் என்கிறான் கவின். வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தி வாழைமரம் கட்டப்போகிறோம். ஐந்தும் நிற்கும். ஐந்துதான் என்று எல்லோரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

பத்து பாகாட் மண்டபத்தில் எங்கள் கட்சிப் பொதுக்கூட்டத்தை நடத்தப்போகிறோம். தலைப்பு, "ஆளுங்கட்சியின் ஆடம்பரச் செலவு". குளிர்சாதனம் உண்டு. புகை இயந்திரத்தையும் ரத்து செய்ய முடியவில்லை. தலைவர் மேடைக்கு வரும்போது விடலாமா என்று செயற்குழு யோசித்து வருகிறது. நீங்கள் இதைப் பத்திரிகையில் எழுதினால் நான் தொலைந்தேன்.

இப்போது என் நிபந்தனை. ஒன்றே ஒன்றுதான், அதில் பேரம் கிடையாது. மேடைப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். மணமேடையின் இடது பக்கத்தில் கட்டம் போட்டு யார் பெயரை எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள். தாரைவார்த்துக் கொடுப்பது நீங்கள். ஐயரிடம் பேசினேன். "சாஸ்திரத்துல எடம் இருக்கான்னு தேடிப் பாக்கறேன்" என்றார். "மெதுவா தேடுங்க சாமி, பிப்ரவரியில சொன்னா போதும்" என்றேன். சிரித்துவிட்டுத் தலையாட்டினார். சோமசேகரம் அண்ணனுக்கும் போன் போட்டேன். கோபப்படுவாரோ என்று பயந்தேன். "அப்பாடா! இந்த முழங்கால வெச்சுக்கிட்டு தரையில எப்படி ஒக்காரப்போறேன்னு ரெண்டு மாசமா கவலை" என்றார்.

என் வாழ்நாளில் எதிர்க்கட்சியாகவே இருந்துவிட்டேன். எதிரே ஆளில்லாத மேடையில் எனக்குப் பேச்சே வராது, தங்கச்சி. நீங்கள் கீழே உட்கார்ந்தால் நானும் கீழேதான்.

மோதிரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

வேலு


ஸ்கூடாய்
29.1.2026

அண்ணனுக்கு,

கல்யாணப் படங்களைக் கவின் அனுப்பினான். ஒரு படத்தில் என் கை லோஷினியின் கைக்குக் கீழே இருக்கிறது, செல்லம் அக்கா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார். அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று மற்ற எதையும் கவனிக்கவில்லை. படத்தில்தான் பார்த்தேன், பின்னால் நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மணல் தூசி என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள்.

"கடன்" என்று யார் வாயைத் திறந்தாலும் ஐம்பது வெள்ளி அபராதம் என்று பிள்ளைகள் உண்டியல் வைத்தது நல்ல ஏற்பாடு. நீங்கள் ஐந்து முறை, நான் நான்கு முறை. நான்காவது முறை பந்தியில் உங்கள் கிளைச் செயலாளரைத் திருத்தும்போது. மொய்யும் அபராதமும் சேர்த்துச் செலவெல்லாம் போக முந்நூற்றுப் பத்து வெள்ளி மிஞ்சியதாக லோஷினி சொன்னாள். உபரி! ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து ஆண்டதில் வந்தது என்று கவின் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறான்.

நாட்காட்டியைக் கழற்றிவிட்டேன். அலமாரியில் இருக்கிறது. அந்த ஆணியில் உங்கள் மேடைப் படம் தொங்குகிறது. அதில் என் பெயருக்குக் கால் வாங்க மறந்து "நிர்மல" என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்தவில்லை.

டீசல் அட்டைகளைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுத வேண்டும். இந்த முறை லோரியில் ஏறி வந்து பார்த்துவிட்டு எழுதுவதாக உத்தேசம். எந்தக் கிழமை வசதி என்று தெரிவியுங்கள். முன் இருக்கையில், கண்ணாடிக்கு மேல் சொருகியிருப்பதைக் கண்டுகொள்ளமாட்டேன்.

நேற்று பிள்ளைகள் நம் இருவரையும் குழுவில் மீண்டும் சேர்த்தார்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் மூன்று காணொளிகள் அனுப்பினீர்கள். நான் வெளியேறிவிட்டேன். உங்களுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு நடை தேவைப்படுகிறது.

உங்கள் பக்கத்திலிருந்தும் கடிதம் குறையக் கூடாது என்று இருபது தபால்தலைகளை உள்ளே வைத்திருக்கிறேன். இதை மானியம் என்று மேடையில் சொல்லிவிட வேண்டாம். முதலீடு.

தங்கை,
நிர்மலா